வட ஆற்காட்டின் பழைய பிறப்புப் பதிவேடுகளைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காட்பாடியில் இருக்கிறேன். அரசு தொடக்கப் பள்ளிகளில் 34 வருடம் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்புதான். இத்தாலியில் பூர்வீகம் உள்ளவர்களுக்கு அந்த நாடு கொடுத்துவந்த குடியுரிமையைப் பற்றியும், நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் பற்றியும் சேர்த்து எழுதுகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சில வருடம் முன்னால் வரை எனக்கும் இத்தாலி என்றால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் போய்ச் சேரும் நாடு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பொறுமையாகப் படித்து, முடிந்தால் சுருக்காமல் வெளியிடுங்கள்.

என் மகள் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர், அவருடைய அம்மா வழியில் பூர்வீகம் இத்தாலி. சம்பந்தி அம்மாவின் தாத்தா 1889-ல் தெற்கு இத்தாலியில் பசிலிகாத்தா பகுதியின் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். 1907-ல் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி நியூயார்க் வந்து, கொத்து வேலை செய்து, கல்யாணம் செய்து, கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை வாங்காமலே இறந்துபோனார். அந்த 'வாங்காமலே'யில்தான் விஷயம் இருக்கிறது. 2025 மார்ச் வரை இருந்த இத்தாலியச் சட்டப்படி ஒருவர் இத்தாலியராக இருக்கும்போது அவருக்குப் பிறக்கும் பிள்ளையும் இத்தாலியர், எந்த நாட்டில் பிறந்தாலும் சரி. நடுவில் யாரும் அந்த உறவை விடாத வரை அது பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கிக்கொண்டே வரும். 1861 மார்ச் 17 அன்று இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்டது, அன்றைக்கு உயிரோடு இருந்த அல்லது அதற்குப் பின் பிறந்த ஒரு மூதாதையைக் காட்டினால் போதுமாக இருந்தது, எத்தனை தலைமுறை என்ற கணக்கே அப்போது கிடையாது. இவர்கள் போய்க் குடியுரிமை கொடுங்கள் என்று கேட்பதில்லை, நாங்கள் பிறந்த நாளிலிருந்து இத்தாலியர்தான், அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் இதில் ஓர் அநியாயம் இருந்தது. 1948 ஜனவரி 1-ல் அவர்களுடைய புது அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது, அதற்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகக் குடியுரிமை வராது, வேண்டும் என்றால் இத்தாலியில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். சம்பந்தி அம்மா 1955-ல் பிறந்தவர், மாப்பிள்ளை 1985, அதனால் இவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஒப்புக்கொள்ள வைப்பதற்கு வேண்டியது காகிதம். கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, இறப்புச் சான்று, அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதாகப் பதிவு இல்லை என்று அமெரிக்க அரசு தரும் கடிதம், அப்புறம் தாத்தா, அம்மா, மகன் என்று ஒவ்வொருவருக்கும் பிறப்பும் கல்யாணமும். அமெரிக்கக் காகிதங்களுக்கு, வெளிநாட்டில் செல்லும்படி அரசு போடும் அப்போஸ்டில் முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் வேண்டும். ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும். அந்தப் பெரியவர் ஊரில் ஜுசெப்பே, நியூயார்க்கில் ஜோசப், குடும்பப் பெயரில் இருந்த ஓர் இரட்டை எழுத்து கப்பல் இறங்கியதும் ஒற்றையாகிவிட்டது, அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

இத்தாலியில் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஊர் அலுவலகம் உண்டு, கொமூனே என்கிறார்கள். மாப்பிள்ளை அந்த மலைக் கிராமத்துக்குக் கடிதம் போட்டார், ஐந்து வாரத்தில் பதில் வந்தது. 1889-ல் எழுதிய பக்கத்தின் நகலை மகள் எனக்குப் போனில் அனுப்பினாள், மாப்பிள்ளை வரிவரியாகச் சொல்லிக் காட்டினார். குழந்தை எத்தனை மணிக்குப் பிறந்தது, எந்தத் தெரு, தகப்பனுக்கு என்ன வயது, என்ன தொழில், தாய் யார் மகள், சாட்சி நின்ற இரண்டு பேர் யார், எல்லாம் இருக்கிறது. தெற்கு இத்தாலியில் இந்த வழக்கம் 1809-லேயே வந்துவிட்டதாம். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் இந்தப் பழைய ஏடுகளில் நிறையப் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து புரட்டலாம்.

இவ்வளவும் சேர்த்து வைத்துக்கொண்டு தூதரக அலுவலகத்தில் நாள் கிடைக்க மாதக்கணக்கில் ராத்திரி கண்விழித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நாள் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் விண்ணப்பக் கட்டணம் 300 யூரோவிலிருந்து 600 ஆனது. மார்ச் 28 அன்று இத்தாலிய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, மே மாதம் அது நாடாளுமன்றத்தில் 74-ஆம் எண் சட்டமாக நிறைவேறியது. இனிமேல் வெளிநாட்டில் பிறந்து இன்னொரு நாட்டின் குடியுரிமையும் உள்ளவருக்குப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ இத்தாலியக் குடியுரிமை மட்டுமே உள்ளவராக இருக்க வேண்டும், அல்லது சாகும்வரை அப்படி இருந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தாவைக் காட்டினால் செல்லாது. மார்ச் 27 நள்ளிரவுக்குள் விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கும், நாள் குறித்துத் தகவல் வந்தவர்களுக்கும் மட்டும் பழைய விதி. பெற்றோரில் ஒருவர் முன்னமே இத்தாலியில் இரண்டு வருடம் குடியிருந்தது போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு, அவை இவர்களுக்குப் பொருந்தாது. அதனால் இப்போது சம்பந்தி அம்மாவுக்கு உரிமை உண்டு, அந்த ஜுசெப்பே அவருக்குத் தாத்தா. அவர் பெற்ற மகனுக்கு இல்லை.

இத்தாலி அரசின் பக்கமும் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இத்தாலியக் குடிமக்கள் 2014 கடைசியில் சுமார் 46 லட்சம், 2024 கடைசியில் 64 லட்சம் என்று அந்த அரசே சொன்னது. சின்னச் சின்ன ஊர் அலுவலகங்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்த விண்ணப்பங்களில் மூழ்கிப்போயின. ஆனாலும் மாப்பிள்ளை முகம் வாடிப்போனதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. பாஸ்போர்ட் போனதைவிட, மூன்று வருடமாக அந்தப் பெரியவரோடு பேசிப் பழகியது போல இருந்தது, அது நின்றுபோனதில்தான் அவருக்கு வருத்தம்.

எனக்கு மனதில் தைத்தது வேறு. 1889-ல் ஒரு மலைக் கிராமத்துக் கொத்தனார் பிறந்த காகிதம் ஐந்து வாரத்தில் கடல் தாண்டி வந்துவிட்டது. 1988-ல் பிறந்த என் மகளின் காகிதத்துக்கு நான் நாலு மாதம் நடந்தேன்.

2019-ல் அவள் க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்தபோது பிறப்புச் சான்று கேட்டார்கள். தலைப்பிரசவம், என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், இதே மாவட்டத்தில் ஒரு சின்ன நகரத்து ஆஸ்பத்திரி. எங்கள் பீரோவில் இருந்த சான்றில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்துவிடுவார்கள், அப்புறம் போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. என் பெயரில் ஓர் எழுத்து தப்பு, அவள் அப்பா பெயருக்கு முன்னால் இனிஷியல் இல்லை, மாவட்டம் வட ஆற்காடு. பாஸ்போர்ட்டில் மாவட்டம் வேலூர். ஓர் அலுவலகத்தில் அந்த வருட ரிஜிஸ்டர் இங்கே இல்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கே போனால் இங்கே வரவே இல்லை என்றார்கள். எட்டாவது தடவை போனபோது ஓர் இளம் பெண் ஊழியர், நல்ல பிள்ளை, ஏணி போட்டு ஏறி, கயிறு கட்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தேடினார். கிடைத்தது. ஓரம் முழுக்கச் செல்லரித்திருந்தது, எங்கள் வரி தப்பியிருந்தது. இன்னும் இரண்டு விரற்கடை உள்ளே அரித்திருந்தால் என் பெண் பிறந்ததற்கு அரசாங்கத்திடம் அத்தாட்சி இல்லை. பதிந்த 15 வருடத்துக்குள் பெயர் சேர்க்க வேண்டும் என்பது விதி. பழைய பதிவுகளுக்கு அப்போது கால நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள், அதனால்தான் சேர்க்க முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது என்னைப் போன்ற ஆசிரியர்கள் செய்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கிராமத்துப் பிள்ளைகளைப் பிறப்புச் சான்று இல்லாமலேதான் பள்ளியில் சேர்ப்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம், தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி என்ன என்று கேட்டால் அம்மா ஆடிப்பெருக்குக்கு மறுவாரம் என்பார், அல்லது ஏரி உடைந்த வருடம் என்பார். ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொள்வோம், வயது சரியாக வர வேண்டுமே. அந்தத் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றில் ஏறி, ஆதாரில் ஏறி, பாஸ்போர்ட்டிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அது பிள்ளைகளுக்கு உதவி என்றுதான் நினைத்தோம். இன்றைக்கு அவர்கள் வெளிநாட்டில் ஒரு சான்றுக்கும் இன்னொரு சான்றுக்கும் தேதி ஒத்துவராமல் அவதிப்படும்போது, நான் எழுதிய ஜூன் தேதிகளை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது.

நம் பெயர் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இத்தாலியரின் குடும்பப் பெயர் நூறு வருடமானாலும் அதேதான், பெண்ணுக்குக் கல்யாணமானாலும் அவர்கள் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரே நிற்கும். நமக்கு அப்பாவின் முதல் எழுத்து மட்டும்தான் இனிஷியல், அது ஒரு தலைமுறைக்குத்தான் வழி காட்டும். பெண் என்றால் கல்யாணத்துக்கு முன் ஓர் எழுத்து, பின் ஓர் எழுத்து. எனக்கு நம் முறைதான் பிடிக்கும், சாதிப் பெயரை ஒட்டிக்கொள்ளாத முறை. ஆனால் பெயரே வழி காட்டாத ஊரில் காகிதம் இரண்டு மடங்கு பத்திரமாக இருக்க வேண்டாமா? கால் ஏக்கர் நிலம் வாங்கினால் மூலப்பத்திரம் எங்கே, பட்டா எங்கே, முப்பது வருட வில்லங்கம் எங்கே என்று கேட்கிறோம். தாத்தா எந்த ஊரில் எந்த வருடம் பிறந்தார் என்று கேட்டால் வீட்டில் பதில் இல்லை.

இரண்டு வருடம் முன்னால் என் தம்பி, வாடகைக் கார் ஓட்டுகிறவன், தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். அறுபது வயது இருக்கும், தமிழ் வராது, அந்த அம்மாள் மட்டும் அம்மாயி, தண்ணி, சோறு என்று சில வார்த்தைகள் சொன்னார். கையில் ஒரு நகல். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகப் போன அவருடைய பாட்டனாரின் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், தாலுகா போளூர், ஜில்லா வட ஆற்காடு. நம் ஜனங்களை ஏற்றிய முதல் கப்பல் மதராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16. அன்றிலிருந்து 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கும், 1903-லிருந்து ஃபிஜிக்கும் போன தமிழர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். வட ஆற்காடு என்றால் வேலூர் என்று யாரோ சொல்ல, அவர்கள் இங்கே வந்து ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜில் தங்கி மூன்று நாள் விசாரித்திருக்கிறார்கள். போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அந்தப் பெரியவர் போன காலத்தில் வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர். சித்தூர், பலமநேர், சந்திரகிரி எல்லாம் இதே ஜில்லா. 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரமானது. 1989 செப்டம்பரில் திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சம் இருந்தது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இரண்டு மாவட்டங்கள் அதிலிருந்து பிரிந்தன. நிர்வாகத்துக்கு நல்லதுதான், ஆற்காட்டுக்காரர் இனி ஒரு மனுவுக்காக வேலூர் வரை வர வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் பழைய ரிஜிஸ்டர் எங்கே போனது என்று எழுதி வைத்தவர் யார்?

நானும் அவர்களோடு போளூர் பக்கம் போனேன். மதராஸில் எவரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய கிராமப் பெயர், அதே ஒலியில் இரண்டு கிராமங்கள் இருந்தன. இரண்டு ஊரிலும் இறங்கினோம். டீக்கடையில் எல்லாரும் அன்பாகப் பேசினார்கள், ஒரு பாட்டி அந்த அம்மாளின் கன்னத்தைத் தடவி எங்கள் ஜாடைதான் என்றார். இரண்டாவது ஊரிலும் ஒரு பாட்டி அதையே சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மாள் என்னிடம் எந்த ஆபீஸில் ரிஜிஸ்டர் பார்க்கலாம் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 1870-களின் பிறப்புப் பதிவு கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கிராமம் எந்த வருடம் எந்தத் தாலுகாவில் இருந்தது என்ற ஒரு பட்டியலாவது இருந்திருந்தால் அந்தப் பெண்மணி ஓர் ஊரையாவது உறுதியாகத் தெரிந்துகொண்டு போயிருப்பார்.

இனி இப்படி வருகிறவர்கள் கூடத்தான் போகிறார்கள். இத்தாலி தலைமுறைக் கணக்கைக் குறைக்கிறது, நம் நாடோ சில இடங்களுக்குக் கூட்டுகிறது. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை பொதுவாகக் கொள்ளுப்பேரன் வரைதான். மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை என்று 2024-ல் அறிவித்தார்கள், டிரினிடாட்காரர்களுக்கு ஆறாம் தலைமுறை வரை என்று 2025-ல் அறிவித்தார்கள். ஆறு ஏழு தலைமுறைக்கு உறவைக் காட்ட வேண்டும் என்றால் ஒரு நுனியில் காகிதம் அங்கே இருக்கும், இன்னொரு நுனி இங்கே நம் தாலுகா அலுவலகத்தில்தான் இருக்க முடியும்.

அந்த அட்டை இரட்டைக் குடியுரிமை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஆயுள் முழுக்க விசா மாதிரி அது, ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. நம் அரசியல் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் 1955 குடியுரிமைச் சட்டமும் தெளிவாகச் சொல்கின்றன, இந்தியர் ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் அதோடு இந்தியக் குடியுரிமை போய்விடும். சம்பந்தி அம்மா அமெரிக்கராகவும் இத்தாலியராகவும் இருக்கலாம், அந்த இரண்டு நாடும் ஒத்துக்கொள்கின்றன. என் மகள் அப்படி இருக்க முடியாது, அவள் இன்னும் நம் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறாள். எங்கள் தெருவில் ஒரு பையனிடம் ஒரு ஏஜென்ட், இந்தியக் குடியுரிமையை வைத்துக்கொண்டே இத்தாலியக் குடியுரிமையும் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கியிருக்கிறார். அந்தப் பையனின் தாத்தா கணியம்பாடிக்காரர். இத்தாலியில் மூதாதை இல்லாதவருக்கு இந்த வழியே கிடையாது, தயவு செய்து யாரும் ஏமாற வேண்டாம். வேலைக்குப் போகும் விசா வேறு, இது வேறு.

சரி, நான் கேட்பது என்ன? தமிழகத்தில் 2018 முதல் பதிந்த பிறப்பு, இறப்புச் சான்றுகளை இப்போது இணையத்திலேயே எடுத்துவிடலாம், நல்ல ஏற்பாடு. அதற்கு முந்தியவை மூட்டைகளில் கிடக்கின்றன. கிராம முன்சீப்கள் என்ற அந்தக் கால ஊர் அதிகாரிகள் எழுதிய ஏடுகள், 1980-ல் அந்தப் பதவி ஒழிந்த பிறகு தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம் என்று பல இடங்களுக்குப் போயின, சில எங்கே என்று தெரியாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கு மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து முதலில் எந்த ரிஜிஸ்டர் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வெளியிட்டாலே பெரிய காரியம். அதோடு பழைய வட ஆற்காட்டின் கிராமங்கள், அன்றைய தாலுகா, இன்றைய தாலுகா, சித்தூர் பக்கம் போனவை உட்பட, ஒரே இடத்தில் பார்க்கும்படி வேண்டும். பக்கங்களைப் படமெடுப்பது அடுத்து, அதில் செல்லரித்ததை முதலில் எடுக்க வேண்டும். பெயர் சேர்க்காத பழைய பதிவுகளுக்குக் கெடு வைக்காமல் எப்போதும் சேர்க்க விட வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது, அந்தப் பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள். முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் அவர்களுடைய பெற்றோரும்தான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் இல்லை, பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர் இல்லை என்று எனக்கு ஓர் அலுவலகத்தில் பதில் சொன்னார்கள். கூட்டெழுத்தும், தமிழ் மாதத் தேதியும், முன்சீப் மையில் எழுதிய பெயரும் படிக்கத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இந்த நான்கு மாவட்டத்திலும் இன்னும் இருக்கிறோம். காட்பாடியில் மட்டும் என்னோடு சேர்த்து ஆறு பேர் பேசி வைத்திருக்கிறோம், சம்பளம் வேண்டாம், ஒரு மேஜையும் நல்ல வெளிச்சமும் கொடுத்தால் வாரம் இரண்டு நாள் வந்து உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். மாவட்ட நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால், உங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.